முப்பத்தெட்டு ஜோடி புது ஷூ

அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்குப் பேர் பூட்டு. நேரில் பார்த்தால் ‘ஸ்டோர் மேடம்’ என்று குழைவார்கள், முதுகைத் திருப்பினால் பூட்டு. அவளுக்கும் அது தெரியும். தெரிந்து ஒரு நாள்கூட அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. பூட்டு என்றால் பூட்டுதான், அதிலென்ன குறைச்சல்? கேட்டவனுக்கெல்லாம் எடுத்து நீட்டிவிட்டு ஈ என்று இளித்துக்கொண்டு நிற்க அவள் என்ன சத்திரமா நடத்துகிறாள்?

ஸ்டோரில் அரிசி மூட்டை, எண்ணெய் டின், சோப்புக் கட்டி எல்லாம்தான் இருந்தன. அவள் உயிர் மட்டும் மூலையில் நின்ற இரும்பு பீரோவில் இருந்தது. சமையலறைத் தரை எந்நேரமும் ஈரம் என்பதால் அங்கே வேலை செய்கிற இருபத்தைந்து பேருக்கும் ஆஸ்பத்திரியே ஷூ கொடுக்கும். கறுப்புத் தோல், வழுக்காத மெத்தென்ற சோல். எட்டு வருஷத்துக்கு முன்னால் அறுபது ஜோடி ஒரே வண்டியில் வந்து இறங்கின. ஆளுக்கு வருஷம் ஒன்று என்று கொடுத்திருந்தால் மூன்றாம் வருஷம் பீரோவில் கரப்பான்பூச்சிதான் குடியிருந்திருக்கும். பூட்டின் கையில் எட்டு வருஷத்தில் வெளியே போனது இருபத்திரண்டே ஜோடி. மிச்சம் முப்பத்தெட்டும் பெட்டி கலையாமல் அப்படியே இருந்தன. கடைசி இரண்டு வருஷத்தில் ஒரு பெட்டிகூட அசையவில்லை. அதற்காகப் பெரிய டாக்டர் கையால் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு பீரோவுக்கு நேர் மேலே மாட்டியிருந்தாள்.

எப்படிச் சமாளித்தாள் என்று கேட்பீர்கள். சும்மா உட்கார்ந்து சாதிக்கவில்லை, முதுகொடிய உழைத்தாள். வேலை முடிந்ததும் எல்லோரும் லேஸை அவிழ்த்துத்தான் ஷூவைக் கழற்ற வேண்டும். ஒரு காலால் மறு காலின் குதிகாலை மிதித்துக் கழற்றுகிற ஜாதியைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கழற்றியதைத் துடைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, காற்றாட வைக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தால் தொலைந்தான். தையல் விட்டால் அன்றைக்கே தைத்தாக வேண்டும். சோல் தேய்ந்தால் தெருமுனைச் செருப்புக் கடையில் வேறு சோல் ஒட்டி வரும். வேலையை விட்டுப் போனவன் ஷூவைக் கழுவி, தைத்து, பாலிஷ் போட்டு, புதிதாக வந்தவன் தலையில் கட்டுவாள். “காலணிய ஆளுற விதத்துலதான் மனுஷனோட லட்சணம் தெரியும்” என்று வேறு ஒரு பிரசங்கம். கேட்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

வீட்டிலும் இதே ராஜாங்கம்தான். வாசலை ஒட்டிய ஷெல்ஃபில் ஆளுக்கு மூன்று ஜோடி. ஒன்று வேலைக்கு. ஒன்று அதற்கு ஓய்வு கொடுக்கும் நாளில் மாற்றிப் போட. ஒன்று விசேஷத்துக்கு. நாலாவது வாங்கினால் அது திமிர். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் இருபது வருஷமாக அந்தச் சட்டத்துக்குள் வாயைத் திறக்காமல் வாழ்ந்தார். சண்டை வந்து சேர்ந்தது அவருடைய தங்கையோடு.

சின்னவள் என்றுதான் வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள். கட்டினவனோடு ஒத்துவராமல் நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வரும்போது துணி ஒரு பை, செருப்பு ஒரு பை. எண்ணிப் பார்த்தால் பதினோரு ஜோடி! பளபளா, மினுமினு, குதிகால் இவ்வளவு உயரம், ஒரு மழைக்குத் தாங்காத அட்டை. மறுநாள் சின்னவள் தூங்கி எழுவதற்குள் பூட்டு அதில் எட்டைக் கோணியில் போட்டுக் குப்பைக்காரனிடம் கொடுத்துவிட்டாள். வீடு இரண்டுபட்டது.

“அது என் காசுல வாங்கினது, அண்ணி. உங்க அப்பன் வீட்டுச் சொத்தில்ல.”

“இந்த ஷெல்ஃபு என் புருஷன் வீட்டுது. மூணுதான் நிக்கும்.”

“அவரு எனக்கு அண்ணன். ஞாபகம் இருக்கட்டும்.”

அன்றையிலிருந்து வீட்டில் இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. “உங்க தங்கச்சிய சாப்பிடச் சொல்லுங்க.” “உங்க பொண்டாட்டிகிட்ட எனக்குப் பசிக்கலன்னு சொல்லுங்க.” நடுவில் அந்த மனுஷன் தபால்காரராக அல்லாடினார். போதாக்குறைக்கு, சின்னவளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை வாங்கிக்கொடுத்ததும் பூட்டுதான். பாசத்தினால் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். சும்மா வீட்டில் உட்கார்ந்தால் தின்று தீர்ப்பாள் என்றுதான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதைச் சொல்லிக் காட்டினாள். சின்னவளும் லேசுப்பட்டவள் இல்லை. அண்ணி பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சின்னவள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, காலிலிருந்த ஷூவைக் கழற்றி மேஜைமேல் படாரென்று வைத்தாள்.

“மேடம், இது வழுக்குது. உள்ள தண்ணி வருது. எனக்குப் புதுசு வேணும்.”

பூட்டு ஷூவைத் தூக்கிப் பார்த்தாள். அது ஏற்கெனவே இரண்டு பேர் போட்டு ஓய்ந்து, மூன்று தடவை சோல் மாற்றியது. விரலால் மேல்தோலைத் தட்டினாள். “தோல் கல்லு மாதிரி இருக்கு. சோல் ஒட்டித் தர்றேன். வியாழக்கிழமை வா.”

“அதுவரைக்கும் வெறுங்காலோட நிக்கவா?”

“வீட்டுல மூணு ஜோடி இருக்கில்ல?”

“மூணு இருக்கறதுக்கு யாரு காரணம்னு ஊருக்கே தெரியும்.”

“குரல ஒசத்தாத. இது வீடில்ல.”

“வீடா இருந்தா உங்ககிட்ட பேசவே மாட்டேனே!”

சின்னவள் நேரே தலைமைச் சமையல்காரரைக் கூட்டிவந்துவிட்டாள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். தொப்பையும் மீசையுமாகத் தாட்டியான ஆள், அவருக்கே நாலு வருஷமாக ஒட்டுப்போட்ட ஷூதான். அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்து வைத்து அவர் மேனேஜருக்கு ஒரு காகிதம் எழுதினார். ஒரு மணி நேரத்தில் சீட்டு வந்தது. பாத்திரம் கழுவும் பெண்ணுக்குப் புது ஷூ ஒன்று உடனே கொடுக்கவும். கீழே கையெழுத்து, முத்திரை.

பூட்டுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. இரண்டு வருஷமாக அசையாத பீரோ! அதுவும் யாருக்காகத் திறக்க வேண்டும்? இவளுக்காக! சாவி முறிந்துவிடுகிற வேகத்தில் திருப்பினாள். ஆனாலும் பாருங்கள், அந்த ஷூ விஷயத்தில் மட்டும் அவள் வஞ்சகம் பண்ண மாட்டாள். ஆறாம் நம்பரில் நாலு பெட்டி இருந்தது. நாலையும் திறந்து, தையலைப் பார்த்து, தோலைப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்தாள். மாதம் தவறாமல் துடைத்து வைத்த தோல், முகம் பார்க்கலாம் போல மின்னியது. லேஸைத் தானே கோத்தாள்.

“குதிகால மிதிச்சுக் கழட்டினே, தொலைச்சிருவேன். பேப்பர் வைக்கணும். துடைக்கணும். இது பத்து வருஷம் வரும், தெரிஞ்சுக்கோ.”

“பத்து வருஷம் இங்க குப்ப கொட்டுவேன்னு நெனப்பா?” என்று சொல்லிவிட்டுச் சின்னவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதை மாட்டினாள். பத்தரைக்கு விழுந்தாள்.

கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகையில் வலது ஷூவின் சோல் முன்பாதி அப்படியே தரையில் நின்றுவிட்டது. கால் மட்டும் முன்னால் போனது. பாத்திரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கை மணிக்கட்டு ஒடிந்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது என்று பிறகு பலரும் சொன்னார்கள். வெந்நீர் நல்லவேளையாக முகத்தில் படாமல் முழங்காலோடு போயிற்று.

கூச்சல் கேட்டுப் பூட்டு ஓடிவந்தாள். சமையலறையே கூடி நின்றது. சின்னவள் தரையில் கிடந்து துடிக்கிறாள். பக்கத்தில் கறுப்புக் கறுப்பாகக் கேக் உதிர்ந்த மாதிரி துண்டுகள். பூட்டின் கண் நேரே ஷூவுக்குப் போனது.

“அடிப்பாவி! ஷூவ என்னடி பண்ணினே?”

அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான். இருபத்திரண்டு பேர் காதால் கேட்டார்கள். மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “மனுஷியா நீங்க? தள்ளுங்க!” என்று அவளை ஒதுக்கிவிட்டு, சின்னவளைத் தூக்கி வண்டியில் கிடத்தி மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியிலேயே விழுந்ததில் அந்த ஒரு சௌகரியம்.

மத்தியானத்துக்குள் கதை கட்டியாகிவிட்டது. வீட்டுச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு, பூட்டு வேண்டுமென்றே பழுதான ஷூவைப் பாலிஷ் போட்டு நாத்தனார் தலையில் கட்டிவிட்டாள். சொல்லாத ஆள் இல்லை. அவள் காதுபடவே ஒருத்தி, “கொலைகாரிங்கல்லாம் ஸ்டோர் கீப்பர்” என்றாள்.

பூட்டு ஸ்டோர்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பீரோவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தாள். ஷூவைத் தலைகீழாகத் திருப்பி, கட்டைவிரலால் சோலை அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. காய்ந்த மண்கட்டி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து, கையெல்லாம் கறுப்புப் பொடி. இன்னொரு பெட்டி. அதுவும் அப்படியே. இன்னொன்று. எட்டு வருஷமாக மாதா மாதம் துடைத்தாளே, மேல்தோலை மட்டுந்தான் துடைத்தாள். அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? நடக்காத ஷூவின் அடியில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. ஏழு பெட்டி திறந்தாள், எட்டாவதைத் தொட மனது வரவில்லை. எல்லாவற்றையும் மூடி, அடுக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் புருஷன் வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தில் நின்றார்.

“வேணும்னே பண்ணினியா?”

அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொன்னால், எப்படித் தெரியாமல் போச்சு என்று கேட்பார். அதற்குப் பதில் பீரோவில் இருக்கிறது. இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள்.

“உன்னத்தான் கேக்கறேன். அவ கை ரெண்டா ஒடிஞ்சிருக்கு. கால்ல தோல் உரிஞ்சிருக்கு. இருபது வருஷமா நீ சொன்னதுக்கெல்லாம் பூம்பூம் மாடா தலையாட்டினேன். என் தங்கச்சி மேலயே கை வச்சிட்டியா?”

“நான் எங்க கை வச்சேன்?”

“அப்ப ஷூ ஏன் பிஞ்சுது?”

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் அப்படியே திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் பச்சைத்தண்ணி குடிக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், ஒரே ஒரு ஷூவைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு தெருமுனைச் செருப்புக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரரை எல்லோரும் ஊசி என்பார்கள். வருஷக்கணக்காக அவளுக்குச் சோல் ஒட்டிக்கொடுத்தவர், வாயும் ஊசிதான். ஷூவைத் திருப்பி ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“எத்தன வருஷம் பெட்டியில கெடந்துச்சு?”

“எட்டு இருக்கும்.”

“கெட்டுச்சு போங்க! இந்த மெத்து சோலு கால்ல கெடந்து நடந்துக்கிட்டே இருந்தா நாலஞ்சு வருஷம் அசராம ஓடும். போடாம வச்சா காத்துல இருக்கற ஈரம் பட்டே உள்ளுக்குள்ள செத்துப்போயிரும். மேல பாத்தா புதுசு, அடி சாம்பல். எந்தப் புத்திசாலி இப்படிப் பூட்டி வச்சது?”

“தெரிஞ்சவங்க ஒருத்தி.”

“அந்தம்மாகிட்ட சொல்லுங்க, அழகுக்கு வைக்கணும்னா பொம்மை வாங்கி வைக்கச் சொல்லி.”

“வேற சோல் ஒட்ட முடியாதா?”

“எதுல ஒட்ட? பிடிமானமே அழுகிப்போச்சு. தூக்கிப் போடுங்க.” அவர் மறுபடி சிரித்தார். பூட்டுக்கு அந்த மனுஷனை அவர் ஊசியாலேயே குத்த வேண்டும்போல இருந்தது. ஷூவைப் பிடுங்கிப் பேப்பரில் சுற்றி, அடுத்த தெருக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்துவிட்டு நடந்தாள். நடக்கிற வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் மனதில். முப்பத்தேழு பெட்டி. அதை யாரும் திறக்கக் கூடாது. கெட்டவள் என்று சொல்லட்டும், கொலைகாரி என்று சொல்லட்டும், சொல்லிவிட்டுப் போகட்டும். பயம் கலந்தாவது சொல்வார்கள். ஆனால் கூறுகெட்டவள் என்று இந்தக் கூட்டம் சிரிக்கக் கூடாது. எட்டு வருஷம் இவர்கள் காலுக்கெல்லாம் வாத்தியாராக இருந்தவள், ஒரு ஷூ எதனால் சாகும் என்றுகூடத் தெரியாத முட்டாள் என்று தெரிந்தால் அப்புறம் அவள் எந்த முகத்தோடு நடமாடுவாள்? கண்ணாடிக்குள் இருக்கிற பத்திரம் என்ன ஆகும்?

மூன்று மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. மேனேஜர் நடு மேஜையில் உட்கார்ந்தார். ஒல்லியான ஆள், எதையும் சீக்கிரம் முடித்துவிட்டுப் போகவேண்டும் என்று துடிக்கிறவர். மாஸ்டர் பிய்ந்த ஷூவை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்தார், என்னமோ சாட்சிக்குப் பலகாரம் பரிமாறுகிற மாதிரி. வேலைக்காரர்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். சின்னவளை அண்ணன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். கையில் மாவுக்கட்டு, காலில் பஞ்சுக்கட்டு. அவர் மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

மேனேஜர் ஷூவைப் பேனாவால் நிமிண்டினார். “இது எப்படி இப்படி ஆச்சு?”

பூட்டு நேராக நின்றாள். “தெரியல சார்.”

“தெரியாம நடந்திருந்தா ஒண்ணும் பெரிசில்ல. ஒரு ஜோடி மோசமா வந்திருக்கலாம். கம்பெனிக்கு எழுதிடலாம். மத்ததெல்லாம் நல்லா இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டா முடிஞ்சுது. பீரோவத் திறங்க.”

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. அது பீரோ வழியாகப் போனது.

“பீரோவத் திறக்க வேண்டாம் சார்.”

“ஏன்?”

“மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த ஒண்ணுதான்... பழுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

மாஸ்டரின் மீசைகூட ஆடவில்லை. புருஷன் அப்போதுதான் முதன்முதலாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அந்த முகத்தை அவள் பார்த்திருக்கக் கூடாது. இருபது வருஷத்தில் அந்த மனுஷன் அவளைக் கோபமாகப் பார்த்ததுண்டு, சலிப்பாகப் பார்த்ததுண்டு. யாரோ தெருவில் போகிறவளைப் பார்ப்பதுபோல் இன்றைக்குத்தான் பார்த்தார். இருந்தும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வாய் வரவில்லை.

“நீங்க என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?” என்றார் மேனேஜர். “இதுக்கு வேலை போகும். போலீஸுக்குப் போனாலும் போவாங்க.”

“போகட்டும் சார்.”

“பொய்.”

சொன்னது சின்னவள். மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள்.

“இவங்க பொய் சொல்றாங்க சார். இவங்களுக்குத் தெரியாது.”

“நீ சும்மா இரு,” என்றாள் பூட்டு. நாலு வருஷத்தில் வேலைச் சமாச்சாரம் தாண்டி அவளிடம் நேரே பேசியது அதுதான் முதல் தடவை.

“நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒடிஞ்சது என் கை.” சின்னவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். “சார், இவங்களுக்கு என்னப் பிடிக்காது. எனக்கும் இவங்களப் பிடிக்காது. நாளைக்கு இவங்க வேலை போனா நான் பாயாசம் வச்சுக் குடிப்பேன். ஆனா நான் கை ஒடிஞ்சு தரையில கெடக்கறப்ப இவங்க கேட்ட முத வார்த்தை என்ன தெரியுமா? ‘ஷூவ என்னடி பண்ணினே’ன்னு கேட்டாங்க. எல்லாருந்தான் கேட்டீங்க. பழுதுன்னு தெரிஞ்சு குடுத்தவளுக்கு அந்தக் கேள்வி வருமா? என் கைய ஒடைக்கணும்னா இவங்க வேற வழி பாத்திருப்பாங்க சார். ஒரு ஷூவ ஒடைக்க இவங்களுக்கு மனசு வராது.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பூட்டின் காது மடல் வரை சூடேறியது.

“அப்புறம் ஏன் இப்படிச் சொல்லணும்?” என்றார் மேனேஜர்.

“அதுதான் சார் எனக்கும் தெரியணும். வேலைய விட்டுடுவாங்களாம், போலீஸுக்குப் போவாங்களாம், பீரோவ மட்டும் திறக்க மாட்டாங்களாம். நாலு வருஷம் இவங்களோட ஒரே வீட்டுல குடியிருக்கேன். இவங்க எத மறைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?” சின்னவள் முடியாத கையோடு எழுந்து நின்றாள். “உங்கள நல்லவன்னு சொல்ல நான் வரல அண்ணி. கெட்டவன்னு பேர் வாங்கிக்கிட்டு ஜம்முனு போயிடலாம்னு பாக்கறீங்க. அது நடக்காது. சாவியக் குடுங்க.”

பூட்டு புருஷனைப் பார்த்தாள். அவர் கையை நீட்டினார். சாவியை அதில் வைத்தாள்.

பெட்டிகளைச் சுமந்து வந்து மேஜைமேல் அடுக்கினார்கள். “நீங்களே திறங்க” என்றார் மேனேஜர். அவள் முதல் பெட்டியைத் திறந்து ஷூவை எடுத்துக் கொடுத்தாள். மாஸ்டர் இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்தார். சோல் மொரமொரவென்று உதிர்ந்து மேஜையெல்லாம் கறுப்புப் பொடி. இரண்டாவது. மூன்றாவது. முதலில் சிலர் சிரித்தார்கள். ஐந்தாவது பெட்டியில் சிரிப்பு நின்றுபோனது. எட்டாவதில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், மேனேஜர் அவனை அதட்டவில்லை. சுவரோரம் நின்ற எல்லோர் காலிலும் ஒட்டும் தையலுமாக எட்டு வருஷத்து ஷூ. ஒருத்தர் மாறி ஒருத்தர் தங்கள் காலைப் பார்த்தார்கள், மேஜையைப் பார்த்தார்கள்.

“இது புதுசா இருந்தப்பவே எங்களுக்குக் குடுத்திருந்தா?” என்றார் மாஸ்டர்.

“நல்லா ஓடியிருக்கும்,” என்றாள் பூட்டு. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “நாலஞ்சு வருஷம் ஓடியிருக்கும். போடாம வச்சதாலதான் போச்சு. எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

சொல்லியாகிவிட்டது. சொன்னால் உயிர் போய்விடும் என்று நினைத்தாளே, போகவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

அப்போது வரிசையிலிருந்து காய் நறுக்கும் பெண் முன்னால் வந்தாள். வாயில்லாப் பூச்சி, அங்கே பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். உதிர்ந்துகிடந்த ஷூ ஒன்றை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த நம்பரைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள்.

“ஏழு,” என்றாள். “நான் மூணு தடவ வந்து கேட்டேன் மேடம். ஏழாம் நம்பர் வரவே இல்லன்னு சொன்னீங்க. ஒம்போத போட்டுக்கோ, முன்னால துணிய அடச்சுக்கோன்னு சொன்னீங்க.”

பூட்டு அவள் காலைப் பார்த்தாள். பெரிய ஷூ. நாக்குப் பட்டைக்கு மேலே அழுக்குத் துணியின் நுனி எட்டிப் பார்த்தது. நடக்கும்போது அவள் வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். அது பிறவியிலேயே அப்படி என்று பூட்டு நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு மொத்தம் எத்தன இருந்துச்சு மேடம்?”

மாஸ்டர், மேனேஜர், சின்னவள், புருஷன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினொண்ணு,” என்றாள் பூட்டு.

காய் நறுக்கும் பெண் ஷூவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையிலிருந்த கறுப்புப் பொடியைத் தட்டிக்கொண்டு, காலை இழுத்தபடி வரிசைக்குத் திரும்பிப் போய் நின்றாள்.

“அடுத்தது,” என்றார் மேனேஜர்.

பூட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள். அதுவும் ஏழுதான்.